அகச்சிவப்பில் தெரியும் பெயர்கள்

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் திருமணச் சடங்குகளில் ஒன்று. பெரும்பாலும் பகல் வேளையில், மண்டபத்துக் கூரைக்கடியில் நின்றுகொண்டு, தெரியாத மீனைத் தெரிகிறது என்று மணப்பெண் தலையாட்ட வேண்டும். கற்புக்கு அடையாளமாகக் காட்டப்படும் அந்த மீன் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வானத்தை நிமிர்ந்து பார் என்று மரபு பெண்ணிடம் சொன்ன அபூர்வமான தருணம் அது. அப்போதும் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சுட்டிக் காட்ட வேறொருவரின் விரல் இருந்தது.

இந்தக் கட்டுரை அதே திசையில் உள்ள வேறொன்றைப் பற்றியது. சப்தரிஷிகளை உள்ளடக்கிய வான்பகுதியை மேலைநாட்டார் பெருங்கரடி என்பார்கள். அந்தக் கரடியின் தலைப்பக்கம், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீன் மண்டலம், அதாவது ஒரு கேலக்ஸி இருக்கிறது. மெஸ்ஸியே 82 என்பது அதன் பட்டியல் பெயர். சுருட்டு போல் நீண்டு தெரிவதால் சுருட்டு மண்டலம் என்றும் சொல்வார்கள். நம்மிடமிருந்து சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. பக்கத்தில் மெஸ்ஸியே 81 என்ற பெரிய சுருள் மண்டலம் இருக்கிறது. பெரியதன் ஈர்ப்பு சின்னதைக் கலைத்துப் போட்டிருக்கிறது. அந்தக் கலைப்பில் சின்னதன் மையத்தில் வாயு குவிந்து, நம் பால்வீதியைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகத்தில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஆனால் அந்த மையம் தூசிக்குள் இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கியில் கறுப்புத் திட்டுகளும் கீற்றுகளுமாகத்தான் அது தெரியும்.

நான் தமிழ் படித்தவள். வானியல் என் துறை அல்ல. ஒரு நூல் எப்படி ஆசிரியர் பெயரோடு நம் கைக்கு வந்து சேர்கிறது என்று பார்ப்பதே என் தொழில். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த ஒரு மண்டலத்தைப் பற்றிய ஆய்வுகளின் வரலாற்றைப் படித்தேன். அதில் பெண்கள் இல்லாமல் இல்லை. முக்கியமான திருப்பங்களில் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

1963இல் ரோஜர் லிண்ட்ஸ், ஆலன் சாண்டேஜ் என்ற இருவர் இந்த மண்டலத்தின் மேலும் கீழும் வாயு இழைகள் வெளியே பாய்வதைக் காட்டினார்கள். மையத்தில் ஒரு மாபெரும் வெடிப்பு நடந்திருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே அந்த வாயுவின் வேகங்களை அளந்து, வெடிப்புக் கருத்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. ஆசிரியர்கள்: பர்பிட்ஜ், பர்பிட்ஜ், ரூபின். குடும்பப் பெயர்களை மட்டும் படித்தால் மூன்று ஆண்கள் என்றுதான் தோன்றும். மூவரில் இருவர் பெண்கள்: மார்கரெட் பர்பிட்ஜும் வேரா ரூபினும். மற்றவர் மார்கரெட்டின் கணவர் ஜெஃப்ரி.

மார்கரெட் இங்கிலாந்தில் 1919இல் பிறந்தவர். 1940களில், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றும் வாய்ப்புள்ள ஒரு நல்கைக்கு விண்ணப்பித்தார். அங்கே ஆண்களுக்கு மட்டுமே இடம் என்று பதில் வந்தது. அந்த மலையில் ஆய்வாளர்கள் தங்கும் விடுதிக்கு ‘துறவியர் மடம்’ என்றே பெயர். 1955இல் அதே நல்கை ஜெஃப்ரிக்குக் கிடைத்தது. ஜெஃப்ரி கோட்பாட்டாளர்; தொலைநோக்கியில் கைதேர்ந்தவர் மார்கரெட்தான். ஆகவே ஜெஃப்ரி பெயரில் தொலைநோக்கி நேரம் வாங்கி, அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மார்கரெட் மலையேறினார். மடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பதால் இருவரும் தனியே ஒரு குடிலில் தங்கினார்கள். பதிவேட்டில் கணவர் பெயர், தொலைநோக்கிக்குப் பின்னால் மனைவி. நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கிய 1957ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரையில் முதல் பெயர் அவருடையது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

வேரா ரூபின் முனைவர் பட்டத்துக்கு மாலை வகுப்புகளில் படித்தவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது; கணவர் ஓட்டிக்கொண்டு போய் விடுவார். நான்கு பிள்ளைகள். 1963–64இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போய் பர்பிட்ஜ் இணையரோடு வேலை செய்தார். மெஸ்ஸியே 82 கட்டுரை அந்தக் காலத்தின் விளைவு. அது வெளிவந்தபோதுகூட, அருகிலிருந்த பாலோமர் மலையின் பெரிய தொலைநோக்கிக்குப் பெண்கள் தம் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. வசதிக் குறைவு என்பது காரணம். என்ன வசதிக் குறைவு? கழிவறை. 1965இல் ரூபின் அங்கே அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்ட முதல் பெண்ணானார். ஆண் உருவம் வரைந்த கழிவறைக் கதவில், காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டி, இப்போது பெண்களுக்கும் கழிவறை வந்துவிட்டது என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. சிரித்துவிட்டுக் கடந்துவிடக் கூடிய கதை. ஆனால் நம் ஊர்ப் பள்ளிகளில் கழிவறை இல்லாததால் வகுப்பைத் தவறவிட்ட பெண் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளைத் தாண்டிப் பார்க்கும் கருவியைக் கட்டியவர்களுக்கு ஒரு கதவில் பெயர்ப்பலகை மாற்றுவது முடியாத காரியமாக இருந்திருக்கிறது.

மெஸ்ஸியே 82 போன்ற கலைந்த மண்டலங்களைத் தொகுத்து ஹால்டன் ஆர்ப் 1966இல் ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். அதில் 338 பதிவுகள். மெஸ்ஸியே 82 அதில் 337ஆவது. வால் நீண்டவை, வளைந்தவை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை என்று வகைவகையாக இருந்தன. விசித்திரப் பொருட்காட்சி போலிருந்த அந்தத் தொகுப்பை ஒரு தர்க்கத்துக்குள் கொண்டுவந்த கட்டுரை 1978இல் வந்தது. எழுதியவர்கள் ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி. ஒழுங்கான மண்டலங்களின் நிறங்களையும் ஆர்ப் தொகுப்பின் மண்டலங்களின் நிறங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒழுங்கானவற்றின் நிறங்கள் ஒரு வரிசையில் நின்றன. கலைந்தவற்றின் நிறங்கள் பரவிச் சிதறிக் கிடந்தன. திடீரென்று ஏராளமான நட்சத்திரங்கள் பிறந்தால்தான் அப்படிச் சிதறும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். சில மண்டலங்களில் அந்தப் பிறப்புப் பெருக்கு 2 கோடி ஆண்டுகள் அளவுக்கே குறுகியது. மண்டலங்களின் வயதோடு ஒப்பிட்டால் அது கண் இமைக்கும் நேரம். பக்கத்து மண்டலத்தின் ஈர்ப்பில் அலைக்கழிக்கப்படுவதும் நட்சத்திரங்கள் பெருகுவதும் தொடர்புடையவை என்ற புரிதலுக்கு அது அடித்தளம்.

டின்ஸ்லியின் வாழ்க்கையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1963இல் கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் டல்லஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அவருக்கு முறையான பணி அமையவில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆஸ்டின் நகரத்துக்குப் போய்வந்து முனைவர் பட்டம் பெற்றார். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். மண்டலங்கள் பிறந்ததுமுதல் மாறாமலே இருக்கின்றன என்பது போலப் பலர் கணக்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவை நட்சத்திரங்களோடு சேர்ந்து முதிர்ந்து நிறம் மாறுகின்றன என்று தனியாளாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அவர். 1974இல் மணவாழ்க்கையை முறித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தந்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். 1975இல் யேல் பல்கலைக்கழகத்தில் பணி. 1978இல் பேராசிரியர், அதே ஆண்டில் தோல் புற்றுநோய். 1981 மார்ச்சில் இறந்தபோது வயது 40.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் என்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் இருக்கும். ஆண் ஒருவன் வேலைக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து வேறு ஊருக்குப் போனால் அதற்குப் பதவி உயர்வு என்று பெயர், சில சமயம் தியாகம் என்றும் பெயர். மோதலில் கலைந்த மண்டலத்தில் நட்சத்திரங்கள் பிறப்பதுபோல், குலைந்த வாழ்க்கையிலிருந்து அறிவு பிறந்தது என்று ஒரு கவிதை எழுதிவிடலாம். கவிதை எழுதுகிறவள் என்பதால்தான் சொல்கிறேன், அதை எழுதக் கூடாது. மண்டலத்துக்கு வலிப்பதில்லை. டின்ஸ்லிக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வலித்திருக்கும். இருந்த ஊரிலேயே ஒரு நாற்காலி கிடைத்திருந்தால், வேலையா வீடா என்ற கேள்வி அத்தனை கூர்மையோடு அவர் முன்னால் வந்து நின்றிருக்காது. அந்த வலியை இயற்கையின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

நிறத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும், மையத்துக்குள் நடப்பதை நேரில் பார்க்க வேண்டுமே. தூசி வழிமறித்தது. அதைத் தாண்டிப் பார்க்க உதவியது அகச்சிவப்பு ஒளி.

‘அகச்சிவப்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சிவப்புக்குக் கீழே’ என்றுதான் பொருள். தமிழாக்கியவர் ‘அகம்’ என்றார். ஊதாவுக்கு அப்பால் இருப்பதைப் ‘புற ஊதா’ என்றார். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் இரு கரைகளிலும் நம் பாடப்புத்தகம் அகத்தையும் புறத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறது. பள்ளியில் இதைப் படிக்கும் எத்தனை பேருக்கு அந்தச் சொற்களின் முதுமை தெரியும்?

அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800இல், முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்ததுதான் அதிகமாகச் சுட்டது. அவருடைய தங்கை கரோலினும் வானியலாளர்தான். 1787இலிருந்து ஆண்டுக்கு 50 பவுண்டு அரச ஊதியம் பெற்றவர். அறிவியல் பணிக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். 1783இல் அவர் கண்டுபிடித்த ஒரு சுருள் மண்டலத்துக்கு இன்று என்ஜிசி 253 என்று பெயர். அதன் மையமும் மெஸ்ஸியே 82போலவே தூசிக்குள் கொதிப்பது. அண்ணன் கண்ட ஒளியில்தான் தங்கை கண்ட மண்டலத்தின் உள்ளே பார்க்க முடியும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கான கருவிகள் வர 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அகச்சிவப்பில் வானத்தைப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வெப்பமுள்ள எதுவும் அந்த ஒளியை உமிழும். தொலைநோக்கி உமிழும், காற்று உமிழும், பக்கத்தில் நிற்கும் ஆளும் உமிழ்வார். நண்பகலில் நட்சத்திரம் தேடுவது போன்ற வேலை. 1960களின் தொடக்கத்தில் ஃபிராங்க் லோ திரவ ஹீலியத்தில் குளிரவைத்து இயங்கும் ஓர் உணர்கருவியை உருவாக்கியதும் வழி திறந்தது. அவர் அரிசோனாப் பல்கலைக்கழகத்துக்குப் போக, அந்த ஊர் அகச்சிவப்பு வானியலின் தலைநகரானது. அங்கே 1970களில் வந்து சேர்ந்த இளம் ஆய்வாளர் ஒருவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1976இல் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டுரைகளில் அவர் பெயர் எம். ஜே. லெபோஃப்ஸ்கி.

1980இல் ஐவர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று மெஸ்ஸியே 82, என்ஜிசி 253 இரண்டின் மையங்களையும் அகச்சிவப்பில் அளந்தது. முதல் பெயர் ஜார்ஜ் ரீக்கி, இரண்டாவது லெபோஃப்ஸ்கி. மையத்திலிருந்து வரும் ஒளியில் சிவப்புப் பெருமீன்களின் தடயம் இருந்தது. அவை பெரும் நிறையோடு பிறந்து, சீக்கிரமே முதிர்ந்துவிடும் நட்சத்திரங்கள். அவ்வளவு பெருமீன்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன என்றால், அண்மையில் அங்கே ஒரு பெரும் பிறப்புப் பெருக்கு நடந்திருக்க வேண்டும். அந்த நட்சத்திரங்கள் தம் ஒளியால் தூசியைச் சூடேற்றுகின்றன. தூசி அந்த ஒளியை விழுங்கி அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. 1963இல் ஒற்றை வெடிப்பு என்று எண்ணப்பட்ட வாயுப் பாய்ச்சலுக்கும் இதிலேயே காரணம் கிடைத்தது: அந்தப் பெருமீன்களின் காற்றும், அவை அடுத்தடுத்து வெடித்துச் சாவதும் சேர்ந்துதான் வாயுவை வெளியே தள்ளுகின்றன. டின்ஸ்லியும் லார்சனும் நிறத்திலிருந்து கணித்ததை இவர்கள் மையத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள்.

1985இல் ரீக்கியும் லெபோஃப்ஸ்கியும் எழுதிய இன்னொரு கட்டுரை, தூசி எந்த நிறத்தை எவ்வளவு மறைக்கும் என்பதற்கான அளவுகோலைத் தந்தது. நம் பால்வீதியின் மையத்தை எடுத்துக்கொண்டால், அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கிளம்பும் லட்சம் கோடித் துகள்களில் ஏறத்தாழ ஒன்றுதான் தூசியைத் தாண்டி நம்மிடம் வரும். 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் சுமார் 20இல் ஒன்று வந்துவிடும். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு, தூசியை அளக்க நினைத்தவர்கள் எல்லாம் ‘ரீக்கி–லெபோஃப்ஸ்கி’ என்று சொல்லிப் பழகினார்கள்.

அந்த லெபோஃப்ஸ்கி யார்? பின்னாளில் மார்சியா ரீக்கி என்று உலகம் அறிந்தவர்தான் அவர். ஜார்ஜ் ரீக்கி அவருடைய கணவர். மணத்தோடு கட்டுரைகளில் பெயர் மாறியது. விவரம் தெரியாத மாணவி அட்டவணையைப் புரட்டினால், 1980களின் நடுவில் லெபோஃப்ஸ்கி என்ற ஒருவர் திடீரென்று காணாமல் போவார், ரீக்கி என்று இன்னொருவர் முளைப்பார். ரீக்கி என்று மட்டும் எழுதினால் அது கணவரா மனைவியா என்பதும் தெரியாது. பர்பிட்ஜ் என்றால் எந்தப் பர்பிட்ஜ் என்று கேட்க வேண்டியிருப்பதைப் போல.

நமக்கு இது புதிதல்ல. என் முனைவர் பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது, குடும்ப அட்டையில் கணவரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஓர் அலுவலகத்தில் என் கோப்பு நகர்ந்தது. என் துறையிலும் இதே வேலைதான். சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அறிஞருக்கு அறிஞர் மாறுகிறது. பெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. இயற்பெயர் தொலைந்து, பாடிய பாட்டின் தொடரே பெயராக நின்றுவிட்டவர்களும் உண்டு.

அகத்திணைப் பாடலில் யாருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தலைவனுக்கும் பெயரில்லை, தலைவிக்கும் பெயரில்லை. அதனால்தான் ஈராயிரம் ஆண்டு கழித்தும் யார் வேண்டுமானாலும் அந்தப் பாடலுக்குள் போய் நின்றுகொள்ள முடிகிறது. அது இருபாலர்க்கும் சமமான பெயரின்மை. அறிவியல் கட்டுரையில் பெயர் என்பது வேறு: அதுதான் வேலை, அதுதான் அடுத்த முறை தொலைநோக்கியில் உட்காரும் உரிமை. அங்கே ஒரு பாலாருக்கு மட்டும் பெயர் தேய்ந்தால் அதில் கவித்துவம் எதுவும் இல்லை.

தூசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களின் வரலாறு தூசியால் மறைக்கப்பட்டது என்று எழுதுவது சுலபம், பலரும் எழுதுகிறோம். ஆனால் மெஸ்ஸியே 82இன் தூசி யார் மீதும் வன்மம் கொண்டதல்ல. அந்தத் தூசியில்தான் அடுத்த நட்சத்திரங்களுக்கான பொருள் இருக்கிறது. மவுண்ட் வில்சனின் விதி தூசி போலத் தானாக வந்து படிந்ததல்ல. ஒருவர் எழுதினார், ஒருவர் கையெழுத்திட்டார், பலர் கடைப்பிடித்தார்கள். எழுதப்பட்ட விதி என்பதால்தான் அதை அழிக்கவும் முடிந்தது. மார்கரெட் பர்பிட்ஜ் 1971இல், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஒரு பெரிய விருதை மறுத்தார். பெண் என்பதற்காகத் தள்ளுவது தவறென்றால் பெண் என்பதற்காகத் தனி விருது தருவதும் சரியல்ல என்பது அவர் நிலைப்பாடு. அதோடு உடன்படாதவர்களும் நம்மில் இருக்கலாம். ஆனால் அந்த மறுப்புக்குப் பிறகுதான் அமெரிக்க வானியல் கழகம் பெண்களின் நிலையை ஆராயக் குழு அமைத்தது. 1976இல் அந்தக் கழகத்தின் முதல் பெண் தலைவரும் அவரே. டின்ஸ்லியின் பெயரில் அந்தக் கழகம் பின்னர் நிறுவிய பரிசு ஆண், பெண் இருவருக்கும் உரியது.

கதையில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. மெஸ்ஸியே 82 ஒழுங்கற்ற மண்டலம் என்றே நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2005இல் மெக்சிகோவிலிருந்து அகச்சிவப்பில் எடுத்த படங்களில், ஒளிவட்டின் வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தபோது இரண்டு சுருள் கைகள் தெரிந்தன. ஒழுங்கில்லாதது என்று முத்திரை குத்தப்பட்டதற்குள் ஒரு சுருள் இருந்திருக்கிறது. அதைத் தெரியும் ஒளியில் மட்டும் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த மெஸ்ஸியே 82இன் மையப்படம் வெளியானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வேகம் அளக்கப்பட்ட அதே பாய்ச்சல், சிவந்த இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது. வெடித்துச் செத்த நட்சத்திரங்களின் எச்சங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. படத்தை எடுத்தது நிர்கேம் என்ற அண்மை அகச்சிவப்புக் கேமரா. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 230 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது. அந்தக் கேமராவை உருவாக்கிய குழுவின் முதன்மை ஆய்வாளர் மார்சியா ரீக்கி.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் துறையிலும் மேற்கோள் பட்டியலைப் படிக்கும்போது முதலெழுத்துகளை விரித்துப் பாருங்கள், யார் எப்போது பெயர் மாறினார்கள் என்று தேடுங்கள், தெரிந்ததைப் பக்க ஓரத்தில் குறித்து வையுங்கள். இந்தக் கட்டுரையின் ஓரத்தில் குறிக்க ஒன்று நானே தருகிறேன்: 1980இல் அந்த மையத்தை அளந்த எம். ஜே. லெபோஃப்ஸ்கியும், 2024இல் அதைப் படம் பிடித்த கேமராவுக்குப் பொறுப்பான மார்சியா ரீக்கியும் ஒரே பெண்.